அந்தப் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா,

நான் சிவில் இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் ஓர் அடுக்குமாடிக் கட்டட வேலையில் ஆறு வாரம் பயிற்சிக்குப் போனேன். முதல் தளத்தில் பன்னிரண்டு தூண்களுக்கு எம் 25 கான்கிரீட் (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கவேண்டியது) போட்ட அன்று, வலிமையைச் சோதிக்க அதே கலவையில் ஆறு கியூப், அதாவது கனசதுரக் கட்டிகள், வார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தோம். 28-ஆம் நாள் உடைத்துப் பார்க்கலாம் என்று போனால் தொட்டியில் இரண்டுதான் கிடந்தன. மற்ற நான்கையும் யாரோ எடுத்துத் தண்ணீர் டிரம்முக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஓரமெல்லாம் உடைந்திருந்தது. சைட் இன்ஜினியர் சிரித்துக்கொண்டே, "பில் நாளைக்குப் போகவேண்டும் தம்பி. 31-இலிருந்து 34-க்குள் போட்டுவிடு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டாம்" என்றார். ஆறு எண்களை எழுதி, 'சோதித்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை ஐயா. ஆறு வாரமும் எனக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, வேலை சொல்லிக்கொடுத்தவர்.

அடுத்த பருவத்தில் 'தொழில்முறை அறநெறி' பாடம். "பொறியியல் ஒரு சமூகச் சோதனை: விளக்குக" என்ற கேள்விக்கு நான்கு பக்கம் எழுதினேன். அந்தத் தாளில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலான 'ஓ' கிரேடு. அந்தக் கட்டடம் இப்போது நான்காம் தளத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இந்தப் பாடத்தால் யாருக்கு என்ன பயன்? இதை எடுத்துவிட்டு ஒரு சாஃப்ட்வேர் பாடம் வைத்தால் வேலையாவது கிடைக்கும் என்கிறான் என் நண்பன். இன்னொன்று, அந்தப் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது. நான் என்ன செய்யவேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத மாணவர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் தூண்களைப் பார்ப்போம். பாடத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அந்தப் பன்னிரண்டு தூண்களும் நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எம் 25 என்று கேட்டால், கலவை சராசரியாக 31, 32 வரும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. கணக்குப் போடும்போதும் கான்கிரீட்டின் வலிமையை 1.5-ஆல் வகுத்துக்கொண்டுதான் தொடங்குகிறோம். ஆகவே இன்றிரவு நீங்கள் தூங்கலாம். ஆனால் "வாய்ப்பு அதிகம்" என்பது நான் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்வது. அந்தப் பதிவேடோ "சோதித்துப் பார்த்தோம்" என்கிறது. நாளைக்கு அந்தக் கட்டடத்தில் மேலும் ஒரு தளம் எழுப்ப நினைப்பவரும், தூணில் விரிசலைப் பார்த்து ஆலோசகரை அழைக்கும் குடியிருப்புச் சங்கத்தாரும் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான். நீங்களும் நானும் அப்போது அங்கே இருக்கமாட்டோம். நீங்கள் எழுதிய ஆறு எண்கள் இருக்கும்.

ஒன்று கேட்கவேண்டும். தொட்டியில் நல்ல நிலையில் கிடந்த அந்த இரண்டு கியூப்களையாவது உடைத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. உடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். 150 மில்லிமீட்டர் கியூப் என்றால் மெஷின் முள் 562 கிலோநியூட்டனைத் தாண்டுகிறதா என்று பார்க்கவேண்டும், பத்து நிமிட வேலை. மாதிரிக்கு மூன்று கியூப் வேண்டும் என்று விதி சொல்வது சரிதான். இரண்டு முழுமையான மாதிரி ஆகாது. ஆனாலும் உண்மையான இரண்டு எண்களும், "மற்ற நான்கு கியூப்கள் சேதமடைந்துவிட்டன" என்று ஒரு வரியும் அந்தப் பக்கத்தில் இருந்திருந்தால், அந்தப் பக்கத்தை நம்பி ஒருவர் அடுத்த முடிவை எடுத்திருக்கலாம். ஆறு எண்களை எழுதியதோடு, கையில் இருந்த இரண்டு உண்மைகளையும் நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து தொலைத்துவிட்டீர்கள். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான்.

உங்களைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1986-இல் நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு சிற்றூரில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. உயரே நிற்கும் தொட்டியின் அடிப்பக்கத் தளத்துக்குக் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் மேலே ஏறிப் பார்த்தபோது பல இடங்களில் கம்பி பலகையின் மேலேயே படுத்துக்கிடந்தது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் வைக்கவேண்டிய கவர் பிளாக், அந்தச் சிறிய சிமெண்ட் துண்டுகள், பாதிக்கு மேல் இல்லை. கீழே மிக்சர் ஓடத் தொடங்கிவிட்டது. சட்டியோடு முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். என்னைவிட எட்டு வயது மூத்த இன்ஜினியர், "கான்கிரீட் போடும்போது கம்பியைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், நீ கார்டில் போடு" என்றார். கம்பி சரியாக இருக்கிறது, கான்கிரீட் போடலாம் என்ற அட்டையில் கையெழுத்துப் போட்டேன். அவரும் கெட்டவர் இல்லை. என் திருமணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர்.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தொட்டியில் தண்ணீர் ஏறியது, ஊர்க் குழாய்களில் வந்தது. 2005-இல் வேறொரு வேலையாக அந்த ஊர் வழியே போனபோது இறங்கிப் பார்த்தேன். தொட்டியின் அடிப்பக்கத்தில் ஆளுயர அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து, கம்பிகள் விலா எலும்பு போலத் தெரிந்தன. துருப்பிடித்த கம்பி பருத்து, மூடியிருந்த கான்கிரீட்டைத் தள்ளிவிட்டிருக்கிறது. கம்பியை மூடி 25 மில்லிமீட்டர் கான்கிரீட் இருந்திருந்தால் அந்த இடத்துக்கு ஈரம் போய்ச்சேர இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். தொட்டி நிழலில் ஓர் அம்மா தார்ப்பாய் கட்டிக் காய்கறி விற்றுக்கொண்டிருந்தார். மேலே அண்ணாந்து பார்த்த என்னிடம், "அவ்வப்போது சில்லு விழும் ஐயா, பழகிவிட்டது" என்றார். அந்தத் தார்ப்பாயில் மூன்று இடங்களில் ஒட்டுப் போட்டிருந்தது. அன்று ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். தாமதமாகப் போய்ச்சேர்ந்த பத்தொன்பது ஆண்டுகளை அந்தக் கடிதத்தால் ஈடுகட்ட முடியவில்லை.

இதை நான் சொல்வதற்குக் காரணம், தவறு எப்படி வரும் என்று வகுப்பில் நமக்கு யாரும் சொல்வதில்லை. லஞ்சக் கவரோடு வரும், மிரட்டலோடு வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி வந்தால் நீங்களே மறுத்திருப்பீர்கள். உங்களிடம் வந்தது மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தவரின் சிரிப்பு. என்னிடம் வந்தது அண்ணனைப் போன்ற ஒருவரின் அவசரம். "போட்டுவிடு தம்பி" என்ற இரண்டு சொற்கள். எதிர்த்து எதுவும் வாயில் வரவில்லை, ஏனென்றால் அதற்கு முன்னால் ஒரு தடவைகூட நாம் அதைச் சொல்லிப் பார்த்ததில்லை.

இனி பாடத்தைப் பற்றி.

அதை எடுத்துவிடவேண்டும் என்ற உங்கள் நண்பரின் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் இப்போது நடத்தப்படும் விதத்தில் அதனால் பயன் இல்லை என்பதை மறுக்கவும் மாட்டேன். எனக்கு அந்தப் பாடத்திட்டம் தெரியும். மனித விழுமியங்கள், ஒழுக்கச் சிந்தனை வளர்வதைப் பற்றி உளவியலாளர் கோல்பெர்க் சொன்ன படிநிலைகள், அதற்குக் கில்லிகனின் மறுப்பு, சமூகச் சோதனை, பாதுகாப்பும் உரிமைகளும், உலகளாவிய சிக்கல்கள். உங்களுக்கு 'ஓ' கிரேடு வாங்கிக் கொடுத்த அந்தச் 'சமூகச் சோதனை' என்ற கருத்து உண்மையில் மிகவும் ஆழமானது. புதிய மருந்தைக் கொடுக்கும்போது நோயாளியிடம் சம்மதம் கேட்கிறார்கள். கட்டடத்துக்குள் குடிவருகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. இருபது ஆண்டு வங்கிக் கடனை எடுத்துக்கொண்டு, தன் தலைக்கு மேல் உள்ள தளத்தை நம்பி அவர் படுக்கிறார். அவருடைய சம்மதத்துக்கு ஈடாக இருப்பது நம்முடைய சோதனையும் அதற்கடியில் நாம் போடும் கையெழுத்தும் மட்டுமே. நீங்கள் நான்கு பக்கம் எழுதியது இதைத்தான். அந்த நான்கு பக்கமும் கியூப் பதிவேடும் ஒரே விஷயம் என்பது எழுதும்போது உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியிருக்காது. கான்கிரீட் ஒரு நோட்டில், அறநெறி இன்னொரு நோட்டில். பாடம் கெட்டுப்போனது இங்கேதான்.

சான்று வேண்டுமானால் உங்கள் சொந்த நோட்டையே எடுங்கள். கான்கிரீட்டுக்கான இந்திய விதித்தொகுப்பான ஐ.எஸ். 456-இன் 17-ஆம் பகுதியை நீங்கள் படித்திருப்பீர்கள். கட்டி முடித்த கான்கிரீட்டின் வலிமையில் ஐயம் வந்தால் என்ன செய்வது என்று அதில் இருக்கிறது. தூணிலிருந்து கோர், அதாவது உருளை வடிவத் துண்டு, வெட்டி எடுத்து உடைத்துப் பார்க்கலாம். மூன்று கோருக்குக் குறையக்கூடாது. அவற்றின் சராசரி, கியூப் வலிமையாக மாற்றிப் பார்க்கும்போது, கேட்ட தரத்தில் 85 சதவீதமாவது இருக்கவேண்டும். எந்தக் கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. அதற்கும் முன்னால், தூணுக்குச் சேதமே இல்லாமல் ரீபவுண்ட் ஹாமரால் தட்டியும் அல்ட்ராசோனிக் கருவியை வைத்தும் பார்த்துக்கொள்ளலாம். அதாவது கியூப் உடைந்துபோனதற்குத் தொழிலுக்குள்ளேயே நேர்மையான, விதிக்கு உட்பட்ட வழி இருக்கிறது. "சார், கியூப் போய்விட்டது என்றே எழுதிவிடுவோம். ஹாமர் வைத்துப் பார்த்துவிட்டுத் தேவையென்றால் கோர் எடுக்கலாம்." இதைச் சொல்ல வீரம் வேண்டியதில்லை. 17-ஆம் பகுதி அந்த நிமிடத்தில் நினைவுக்கு வரவேண்டும், வாய் திறக்கவேண்டும். உங்களுக்கு அந்த விதி தெரியும், நேர்மையும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் உங்கள் முன்னால் வைத்த ஆசிரியர்தான் இல்லை.

அந்த ஆசிரியரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பல கல்லூரிகளில் இந்தத் தாள் யாருக்கு வகுப்பு குறைவாக இருக்கிறதோ அவருக்குப் போகிறது. கட்டுமான இடத்தில் ஒரு நாள்கூட நின்றிராத இளம் விரிவுரையாளர், போன ஆண்டின் வினாத்தாள்களை வைத்து நடத்துகிறார். பொறியியல் படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-இல் இந்தியா முழு உறுப்பினராகச் சேர்ந்தது. அதையொட்டி, பட்டதாரியிடம் இருக்கவேண்டியவை என்று தேசிய அங்கீகார வாரியம் வகுத்த பன்னிரண்டு திறன்களில் ஒன்றாக அறநெறியும் வந்தது. நல்ல நோக்கம். நடப்பதோ, மாணவர்கள் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து, அறநெறி இந்த வகுப்புக்கு மூன்றுக்கு இவ்வளவு கைகூடியிருக்கிறது என்று தசம எண்ணில் அட்டவணை போடுகிறார்கள். உங்களுடைய 'ஓ' கிரேடும் அந்த எண்ணுக்குள் போயிருக்கும். அந்த அட்டவணையும் ஒரு பதிவேடுதான். அதன் அடியிலும் ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அப்படியானால் எப்படி நடத்தவேண்டும்? ஓய்வுபெற்ற பிறகு சில கல்லூரிகளுக்குப் போய்க் கான்கிரீட் ஆய்வகத்தில் ஒரு பிற்பகல் வகுப்பு எடுக்கிறேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதைச் சொல்கிறேன்.

முதலில் மூன்று கியூப்களை உடைப்போம். உண்மையான கியூப்கள் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. ஒன்று 29.8 காட்டும், அடுத்தது 33.6, மூன்றாவது 30.9. பிறகு மாணவர்களிடம் வெற்றுப் பதிவேட்டைக் கொடுத்து, சோதிக்காமலே பத்து எண்கள் எழுதச் சொல்வேன். எழுதியதை அவர்களே கரும்பலகையில் வரிசையாகப் போடுவார்கள். பொய் எண்கள் ஒரே பார்வையில் தெரியும். ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கும், 28 வராது, 37 வராது. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே நாளின் கையெழுத்து. முப்பத்தாறு ஆண்டு வேலையில் நான் எத்தனையோ பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். தொட்டித் தண்ணீர் பட்டு மை கலங்கிய பக்கங்களைத்தான் நம்புவேன். வெள்ளைவெளேரென்று இருக்கும் பதிவேட்டைப் பார்த்தால் கவலை வரும்.

அடுத்ததுதான் வகுப்பு. ஒரு மாணவரை சைட் இன்ஜினியராக நாற்காலியில் உட்காரவைப்பேன். இன்னொருவர் பயிற்சிக்கு வந்தவர். உட்கார்ந்திருப்பவர் அன்பாகத்தான் பேசவேண்டும் என்பது நிபந்தனை. "போட்டுவிடு தம்பி, நாளைக்கு பில்." நின்றுகொண்டிருப்பவர் பதில் சொல்லவேண்டும், எல்லோர் முன்னாலும், வாய்விட்டு. முதல் தடவை பெரும்பாலும் மௌனம். இரண்டாவது ஆள் கோபப்பட்டுச் சண்டைக்குப் போவார். அது பலிக்காது, உண்மையான இடத்தில் யாரும் அப்படிப் பேசப்போவதில்லை. ஒருமுறை மூன்றாவதாக வந்த ஒரு மாணவி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சார், இருக்கிற இரண்டையும் இப்போதே நான் கொண்டுபோய் உடைத்துவிட்டு வருகிறேன். மீதிக்கு என்ன எழுதலாம் என்று கன்சல்டன்ட்டை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா? நானே போன் போடுகிறேன்" என்றார். நாற்காலியில் இருந்த மாணவருக்கு அதற்கு மேல் வற்புறுத்த வழி தெரியவில்லை. அவர் வேலையை அந்தப் பெண் தன் தலையில் ஏற்றுக்கொண்டார், அவரை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை, பொய்யும் எழுதவில்லை. அந்த வகுப்பில் அறுபது பேர் அதைக் கேட்டார்கள். பத்து ஆண்டு கழித்து அவர்களில் ஒருவருக்காவது அந்த வாக்கியம் உரிய நேரத்தில் நினைவுக்கு வரும் என்று நம்பித்தான் அடுத்த கல்லூரிக்கும் போகிறேன்.

நடந்த நிகழ்ச்சிகளையும் இப்படிப் படிக்கவேண்டும். சேலஞ்சர் விண்கலத்தைப் பற்றித் தேர்வில் எழுதியிருப்பீர்கள். 1986 ஜனவரி 28 அன்று, கிளம்பிய 73-ஆவது விநாடியில் அந்த அமெரிக்க விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போனதுதான் காரணம். அதற்கு முந்தைய இரவு நடந்தது இன்னும் முக்கியம். ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் இவ்வளவு குளிரில் ஏவவேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். நிர்வாகத்தார் தங்களுக்குள் தனியே பேசினார்கள். தயங்கி நின்ற பொறியியல் தலைவரிடம் மேலதிகாரி சொன்னது இதுதான்: இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள். நம் ஊர்க் கட்டுமான இடங்களில் "கொஞ்சம் அனுசரித்துப் போ" என்பதும் அதே வேண்டுகோள்தான். ஏவுதளத்தில் அந்த நிறுவனத்தின் மூத்த பிரதிநிதியாக இருந்த ஆலன் மெக்டொனால்ட் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட மறுத்தார். யூட்டாவில் இருந்த அவருடைய மேலதிகாரி போட்டு ஃபேக்ஸில் அனுப்பினார். மறுநாள் காலை விண்கலம் கிளம்பியது.

ஆக, மறுத்தும் ஏழு உயிர் போனது. இதை மாணவர்களிடம் மறைக்கக்கூடாது. விசாரணையில் உண்மையைச் சொன்ன மெக்டொனால்டை நிறுவனம் பதவியிறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, அதே ராக்கெட்டின் மறுவடிவமைப்பை அவரிடமே ஒப்படைத்தார்கள். அன்றிரவு ஏவவேண்டாம் என்று வாதாடிய பொறியாளர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜோலியால் அந்த வேலையில் நீடிக்க முடியவில்லை. பின்னாளில் பொறியியல் மாணவர்களிடம் அறநெறி பற்றிப் பேசுவதையே பணியாக்கிக்கொண்டார்.

கையெழுத்து மறுக்கப்பட்ட கதை இது. கணக்குப் பார்க்காமல் முத்திரை விழுந்த கதை அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தில் நடந்தது. ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் கூடத்துக்கு மேலே இரண்டாம் தள நடைபாலமும் நான்காம் தள நடைபாலமும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கின. கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இரண்டையும் தாங்குவதாக முதலில் வரைந்திருந்தார்கள். அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது சிரமம் என்று கம்பியை இரண்டாகப் பிரித்து, கீழே உள்ள பாலத்தை மேலே உள்ள பாலத்திலிருந்தே தொங்கவிட்டார்கள். கிணற்றுக் கயிற்றில் இரண்டு பேர் ஆளுக்கொரு இடத்தில் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொண்டால் மேலே இருப்பவரின் பிடி என்ன ஆகும்? நான்காம் தளத்து நட்டின் மேல் சுமை இரண்டு மடங்கானது. வரைபடம் பொறியாளர் அலுவலகத்துக்கு வந்தது, யாரும் அந்த இணைப்பைக் கணக்குப் போடவில்லை, முத்திரையோடு திரும்பிப் போனது. 1981 ஜூலை 17 அன்று மாலை, நடனம் பார்க்கக் கூட்டம் கூடியிருந்த வேளையில் இரண்டு பாலங்களும் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். பொறுப்பான பொறியாளர்கள் இருவர் மிசௌரி மாநிலத்தில் உரிமத்தை இழந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜாக் கில்லம் பின்னர் பல ஆண்டுகள் பொறியாளர் கூட்டங்களில் அதைப் பற்றியே பேசிவந்தார். தான் தவறிய இடத்தைத் தானே பிறருக்குக் காட்டுவதைவிட நேரான அறநெறிப் பாடம் எனக்குத் தெரியாது. என் தொட்டிக் கதையை நான் வகுப்பில் சொல்லத் தொடங்கியது அவரைப் பற்றிப் படித்த பிறகுதான்.

நமக்கும் இவை தொலைவில் இல்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள், ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். உங்கள் தூண்களை அதோடு ஒப்பிடவில்லை, தயவுசெய்து அப்படி நினைக்கவேண்டாம். கான்கிரீட் போட்ட அன்று உங்கள் பக்கத்தில் நின்று சட்டி தூக்கியவர்களின் முகங்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். இடியும் கட்டடத்துக்குள் முதலில் இருப்பவர்கள் அவர்கள்.

கனடாவில் பொறியியல் பட்டம் பெறுகிறவர்கள் எழுதும் கையின் சுண்டுவிரலில் ஓர் இரும்பு மோதிரம் போட்டுக்கொள்கிறார்கள். 1907-இல் கியூபெக் பாலம் கட்டும்போதே விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்த நாடு அது. வரைபடத்தில் கை நகரும்போதெல்லாம் மோதிரம் தாளில் உரசும். நம் நாட்டில் மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல நாடு தழுவிய பதிவுச் சட்டம்கூடப் பொறியாளருக்கு இல்லை. ஆகவே முதல் கையெழுத்து என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித்தர அந்தக் கல்லூரி வகுப்பறையை விட்டால் வேறு இடம் இல்லை. அந்தப் பாடத்தை நீக்கவேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். மூன்றாம் ஆண்டின் கான்கிரீட் ஆய்வகத்துக்குள், வடிவமைப்பு வகுப்புக்குள், மதிப்பீட்டு வகுப்புக்குள் அதைக் கொண்டுபோகட்டும். மதிப்பெண் வேண்டாம்.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது.

தனியாக எதையும் செய்யாதீர்கள். சத்யேந்திர துபேயின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் சிவில் படித்தவர், தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருந்தார். கடிதம் அவர் பெயரோடு பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நீதிமன்றத்தில் அது வழிப்பறிக் கொலை என்று முடிவானது. அந்த முடிவு பலருக்கு இன்றும் ஆறவில்லை. உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் பெரியதில்லை, உங்களுக்கு ஆபத்து என்றும் நான் நினைக்கவில்லை. ஆனாலும் இருபத்தொரு வயதில் ஒருவர் ஒரு நிறுவனத்தோடு தனியாக நின்று பேசவேண்டியதில்லை. உங்களைப் பயிற்சிக்கு அனுப்பிய பேராசிரியரிடம் முதலில் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கல்லூரி உங்களோடு நிற்கவேண்டும், அது அவர்கள் கடமை.

அதற்கு முன், இன்றே, ஒரு தாளில் எழுதிவையுங்கள். கான்கிரீட் போட்ட தேதி, எந்தெந்தத் தூண்கள், கியூப்களை எங்கே பார்த்தீர்கள், பதிவேட்டில் எழுதிய நாள், அப்போது யார் இருந்தார்கள். நினைவு ஒவ்வொரு மாதமும் நமக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்ளும்.

பிறகு அந்த சைட் இன்ஜினியரை அழையுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் எதையும் செய்யவேண்டாம். உங்களுக்குச் சோறு போட்டவர், இதை உங்கள் வாயால் முதலில் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. சண்டை வேண்டாம், உபதேசம் வேண்டவே வேண்டாம். "அண்ணா, அந்தக் கியூப் விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. முதல் தளத் தூண்களில் ஹாமர் வைத்துப் பார்த்துவிடலாமா? மேலே சுமை ஏறிக்கொண்டே போகிறதே" என்று கேளுங்கள். அவருக்கும் உறுத்திக்கொண்டிருக்கும் என்பது என் அனுபவம். அவரே ஏற்பாடு செய்துவிட்டால், முடிவு பதிவேட்டில் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய பக்கத்தைக் கிழிக்கக்கூடாது. அதில் குறுக்குக் கோடு போட்டு, "சோதனை நடக்கவில்லை, மறுசோதனை பக்கம் இன்னது" என்று எழுதி, இருவரும் தேதியோடு கையெழுத்திடவேண்டும்.

அவர் மறுத்தால், பேராசிரியருக்குத் தெரிவித்துவிட்டு, திட்ட மேலாளருக்கும் கட்டமைப்பு ஆலோசகருக்கும் இவ்வளவு மட்டும் எழுதுங்கள்:

"முதல் தளத் தூண்களுக்கான 28 நாள் கியூப் சோதனைப் பதிவில் 'சோதித்தவர்' என்று நான் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்தச் சோதனை நடக்கவில்லை. எண்களைச் சோதிக்காமல் எழுதினேன். அந்தத் தூண்களின் வலிமையை வேறு சோதனைகளால் உறுதிசெய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

யார் சொல்லி எழுதினேன் என்பதை அந்தக் கடிதத்தில் சேர்க்கவேண்டாம். கேட்டால் மறைக்கவும் வேண்டாம். சமூக ஊடகத்தில் போடாதீர்கள். நோக்கம் தூணைச் சோதிப்பது, ஊரைக் கூட்டுவது அல்ல.

இதனால் பயிற்சிச் சான்றிதழுக்குச் சிக்கல் வரலாம், அந்த நிறுவனத்தில் கிடைக்கவிருந்த வேலை கிடைக்காமல் போகலாம். வராது என்று பொய் சொல்லமாட்டேன். அப்படி ஏதாவது நடந்தால் எனக்கு எழுதுங்கள். தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு நம்பகமான இளைஞர் கிடைப்பாரா என்று என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை எழுதியவர் என்று சொல்லியே உங்களை அனுப்புவேன்.

அந்த இன்ஜினியரைக் காலையில் அழைக்காதீர்கள், கான்கிரீட் போடும் நேரமாக இருந்தால் நின்று பேசமாட்டார். மாலை ஆறு மணிக்கு மேல், ஆட்கள் கலைந்த பிறகு அழையுங்கள்.